நாலு மணி டிரே

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், "நீங்கள்லாம் வந்தாப் போதும்" என்பதுதான் அத்தையின் பதில். எழுபதுக்கும் அதுதான், எழுபத்தைந்துக்கும் அதுதான். எண்பதுக்குக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ வைரத்தோடு கேட்பதுபோல், "வெள்ளரிக்கா சாண்ட்விச் பண்ண வருமா உனக்கு?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையில் டிகிரி காப்பி, பத்து மணிக்குச் சாப்பாடு, ராத்திரி மோர்சாதம் என்று கடிகாரம்போல் வாழ்கிற மயிலாப்பூர்க்காரர். அவர் அகராதியில் பிரெட் என்பது ஜுரம் வந்தால் பாலில் தோய்த்துத் தின்கிற வஸ்து. ஜுரமில்லாதபோது அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

கதை அப்புறம்தான் வந்தது. 1966-ல் அத்தை வேலைக்குச் சேர்ந்தது பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரக் கம்பெனியில். இன்றைக்கு ராஜாஜி சாலை என்கிறோமே, அதற்கு அப்போது ஃபர்ஸ்ட் லைன் பீச் என்று பெயர். ஸ்டெனோ வேலை. மாடியில் இன்னும் இரண்டு துரைமார்கள் மிச்சமிருந்தார்களாம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, தலைப்பாகை கட்டிய பியூன் ஒருவர் டைப்பிஸ்டுகள் உட்கார்ந்திருக்கும் வரிசையைக் கடந்து ஒரு டிரேயை மாடிக்குக் கொண்டுபோவார். பீங்கான் டீ ஜாடி, இரண்டு கப்பு, ஒரு தட்டில் விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்ற சாண்ட்விச்சுகள், அவற்றின் மேல் ஈரத்துணி. துணியின் ஓரம் விலகினால் உள்ளே ஒரு பச்சைக் கோடு தெரியும். வெள்ளரிக்காய்.

"சாப்பிட்டிருக்கீங்களா அத்தை?"

"ஒரே ஒரு தடவை" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

சரி, பிரெட்டும் வெள்ளரிக்காயும்தானே, இதில் என்ன வித்தை என்று நினைத்தேன். பிறந்தநாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை. சூப்பர் மார்க்கெட்டில் கிரீம் சீஸ் ஒரு டப்பா, வெள்ளரிக்காய் இரண்டு. வட்ட வட்டமாக நறுக்கினேன், சீஸைத் தடவினேன், உப்பும் மிளகும் தூவி மூடினேன். காலை பதினொரு மணிக்குச் செய்து, டப்பாவில் அடுக்கி, நாலு மணிக்குத் திறந்தால் உள்ளே ஒரு சிறு ஏரி. கீழ்த்துண்டுகள் ஊறிக் கூழாகியிருந்தன. கையில் எடுத்ததும் வெள்ளரி வட்டங்கள் வழுக்கிக்கொண்டு மடியில் விழுந்தன. மனைவி ஒன்றை ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பச்சடில பிரெட் ஊறின மாதிரி" என்றாள்.

பிறகு அவளே கேட்டாள்: "வெள்ளரிக்கா பச்சடிக்கு உப்பு எப்போ போடுவோம்?"

இலையில் பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான். முன்கூட்டியே போட்டால் பச்சடி நீர்த்துப்போகும். சின்ன வயதிலிருந்தே தெரிந்த சங்கதி. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். உப்பு பட்ட மாத்திரத்தில் அது வெளியே வரத் தொடங்கிவிடும். பச்சடியில் அந்தத் தண்ணீரைக் காயிலேயே தங்கவைக்க வேண்டும், அதனால் உப்பு கடைசியில். சாண்ட்விச்சுக்கு அந்தத் தண்ணீர் பிரெட்டைத் தொடுவதற்கு முன்பே வெளியேறிவிட வேண்டும், அதனால் உப்பு முதலில். இந்தப் பலகாரத்தில் மற்றதெல்லாம் நகாசு வேலை. அடிப்படை இந்தத் தண்ணீர்க் கணக்கு ஒன்றுதான். தயிர், வெள்ளரி, பச்சிலை என்று பார்த்தால் இதுவும் நம் பச்சடிதான், இரண்டு பிரெட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பச்சடி.

அடுத்த நாலு நாள் நான் பிடித்த பாடத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காய். தெற்கு மாட வீதியில் கிடைக்கிற, வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த பருமனான நாட்டு வெள்ளரியில் ருசி அதிகம், ஆனால் விதையும் அதிகம். அதை நெடுக்காகப் பிளந்து, ஸ்பூனால் விதைப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் அங்கேயே போய்விடும். கரும்பச்சை நிறத்தில், பிளாஸ்டிக் உறை போட்டு, இங்கிலீஷ் வெள்ளரி என்று விற்கிறார்களே, அதில் விதை கம்மி, தோல் மெல்லிசு. அப்படியே நறுக்கலாம். வட்டம் அழகாக வரும். வாசனை என்னவோ நாட்டுக் காயில் பாதிதான். சாம்பாருக்குப் போடுகிற மஞ்சள் வெள்ளரி இதற்கு வேண்டவே வேண்டாம். நான் அத்தைக்காக எடுத்தது பிஞ்சாகப் பார்த்துப் பொறுக்கிய நாட்டு வெள்ளரி நான்கு, முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி.

காம்புப் பக்கத்தைத் தாராளமாக வெட்டித் தள்ளுங்கள். வெள்ளரியில் கசப்பு இருந்தால் அது அந்தப் பக்கத்திலும் தோலை ஒட்டியும்தான் அதிகம் சேரும். குக்குர்பிட்டசின் என்று அந்தப் பொருளுக்குப் பெயர். வெயிலில் தண்ணீர் போதாமல் வாடின செடியின் காயில் அது கூடும். வெட்டின நுனியால் காயின் தலையைத் தேய்த்து நுரை வரவழைத்தால் கசப்பு போய்விடும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் தேய்ப்போம். கசப்பு போவது வெட்டித் தள்ளியதால்தான் என்பது என் கட்சி. இருந்தாலும் தேய்க்காமல் விட்டதில்லை. அத்தை தினமும் காலையில் சொல்கிற மிருத்யுஞ்ஜய மந்திரத்தில்கூட இந்தக் காம்பு வருகிறது. வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து கழன்று விடுபடுவதுபோல் என்னை மரணத்திலிருந்து விடுவி என்று வேண்டுதல். எண்பதாவது பிறந்தநாளுக்கு வெள்ளரிக்காய் கேட்டதில் இப்படி ஏதும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. இருக்காது, அவருக்கு அந்தப் பச்சைக் கோடு மட்டும்தான் மனதில்.

தோலை ஒரு வரி விட்டு ஒரு வரி சீவினால் வட்டத்தின் ஓரத்தில் பச்சை கொஞ்சம் தங்கும். சிப்ஸ் சீவுகிற கட்டையில் காகிதக் கனத்துக்குச் சீவிக்கொள்ள வேண்டும். கனமான துண்டு கடிபடாமல் முழுசாக இழுத்துக்கொண்டு வெளியே வரும், உடன் சீஸையும் இழுத்துவரும். சீவியதை வடிதட்டில் பரப்பி ஒரு டீஸ்பூன் உப்பைப் பிசிறி இருபது நிமிடம். கீழே கிண்ணத்தில் அரை டம்ளர் தண்ணீர் சேர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் மோரில் கலந்து குடித்துவிட்டேன், அது தனி சுகம். அப்புறம் பழைய பருத்தி வேட்டித் துணியில் வட்டங்களைப் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு ஒற்றி எடுத்தேன். பிழியக் கூடாது. பிழிந்தால் வட்டம் கசங்கி ஊறுகாய் மாதிரி ஆகிவிடும்.

இனி சீஸ். வெள்ளைக்காரர்களின் அசல் வெள்ளரி சாண்ட்விச்சில் வெண்ணெய் மட்டும்தான், சீஸ் கிடையாது. கிரீம் சீஸ் அமெரிக்கச் சரக்கு. 1872-ல் நியூயார்க் மாநிலத்தில் செஸ்டர் என்ற ஊரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் அதைப் பெரிய அளவில் செய்து விற்க ஆரம்பித்தார். 1880-ல் அதற்குப் பிலடெல்பியா என்று பெயர் சூட்டினார்கள். செய்தது நியூயார்க்கில், பெயர் பக்கத்து மாநிலத்து ஊருடையது. பிலடெல்பியாப் பால் சாமான் என்றால் உசத்தி என்று அப்போது ஒரு பேர். ஊத்துக்குளி வெண்ணெய் என்று பலகை போட்டுக்கொண்டு மற்ற ஊர்க்காரர் விற்கிற கதைதான்.

பதினான்கு பேருக்கு முழுக்கக் கடைச் சீஸ் வாங்கினால் பர்ஸ் காலி. பாதி கடைச் சீஸ், பாதி கட்டித் தயிர் என்று முடிவு செய்தேன். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில், அதாவது 6 சதவீதக் கொழுப்புள்ள நிறைகொழுப்புப் பாலில், ஒரு லிட்டரைத் தோய்த்து, தோய்ந்த உடனே புளிக்கவிடாமல் மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டி மேல் வைத்து, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜுக்குள். சமையலறைக் குழாயில் மூட்டை கட்டித் தொங்கவிடுவதெல்லாம் மார்கழியில் சரி. பங்குனியில் தொங்கவிட்டால் காலையில் கிடைப்பது புளிச்ச மாவு மாதிரி ஒன்று. காலையில் 400 கிராமுக்கு முன்னே பின்னே வெண்ணெய்போல் திரண்டிருந்தது. வடிந்த தண்ணீரில் மனைவி சப்பாத்தி மாவு பிசைந்தாள். கடைச் சீஸும் ஒரு வகையில் புளித்த சாமான்தான், பாலையும் கிரீமையும் சேர்த்து லாக்டிக் பாக்டீரியாவைக் கொண்டு திரிய வைப்பது. அதனால் இரண்டும் சண்டை போடாமல் கலந்துகொண்டன. கொழுப்பு சீஸில் கணிசமாக அதிகம், பாதிக்குப் பாதி போட்டால் வித்தியாசம் நாக்குக்குத் தெரியவில்லை. சரியாக எடுத்தது இதில் 170 கிராம், அதில் 170. மிஞ்சிய தயிருக்கு மறுநாள் பரோட்டா துணை.

பச்சிலையில்தான் வீட்டில் தகராறு. இதற்கென்று சொல்லப்படுகிற மூலிகை டில். நம் பாஷையில் சதகுப்பை. அதன் விதை நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். கீரையாக நம் ஊர்ச் சமையலில் அவ்வளவாகப் புழக்கமில்லை, கன்னடக்காரர்கள் சப்சிகே சொப்பு என்று பிரியமாகச் சமைப்பார்கள். அடையாறில் ஒரு கடையில் ஒரு கட்டு கிடைத்தது. நறுக்கியதும் மனைவி மூக்கை உறிஞ்சினாள். "கிரைப் வாட்டர்!" என்றாள். அவள் சொன்னது சரிதான். கிரைப் வாட்டரில் இருப்பதே சதகுப்பை எண்ணெய். லண்டனில் சீமாட்டிகள் சாயங்கால டீயோடு ரசித்த வாசனையை நாம் எல்லோரும் தொட்டிலிலேயே குடித்து முடித்துவிட்டோம். வந்தவர்களுக்கெல்லாம் கைக்குழந்தை ஞாபகம் வந்துவிடக் கூடாதே என்று டில்லை ஒரு டேபிள்ஸ்பூனோடு நிறுத்திக்கொண்டேன். புதினா மூன்று டேபிள்ஸ்பூன், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி மட்டும் இரண்டு. கொத்தமல்லி போட்டால் உடனே பம்பாய் சட்னி சாண்ட்விச்சாகிவிடும், அது வேறு ஜாதகம். பூக்காரம்மாவிடம் வாங்கிய திருநீற்றுப்பச்சிலையில் நாலு இலையையும் கிள்ளிப் போட்டேன். மேலைநாட்டில் பேசில் என்று சொல்வதன் ஒரு வகைதான் அது, கொஞ்சம் போட்டாலே தூக்கும். எலுமிச்சைத் தோலைத் துருவியது ஒரு சிட்டிகை, மிளகு. உப்பு வேண்டாம், வெள்ளரியில் ஒட்டியிருப்பது போதும். பூண்டு எல்லோரும் போடச் சொல்கிறார்கள். அத்தை வீட்டு வாசற்படியைப் பூண்டு தாண்டுவதில்லை.

இலைகளைக் கழுவிய பிறகு நன்றாக உலர்த்திவிட்டு நறுக்குங்கள். இல்லாவிட்டால் முன்வாசலில் விரட்டிய தண்ணீர் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

பிரெட்டைப் பற்றி எனக்கு ஒரு நெடுநாள் புகார் உண்டு. நம் ஊர் மில்க் பிரெட் கிட்டத்தட்ட பன். ஜாமுக்குச் சரி, வெள்ளரிக்காயோடு தித்திப்பு ஒட்டாது. தெரிந்த பேக்கரியில் சொல்லிவைத்து, முட்டை சேர்க்காத, சர்க்கரை குறைந்த சாண்ட்விச் பிரெட்டாக இரண்டு வாங்கி மெல்லிசாக வெட்டித் தரச் சொன்னேன். சூடாக வந்ததை வாங்கக் கூடாது, முந்தின நாள் பிரெட்டாக இருந்தால்தான் கத்திக்கு நிற்கும். அதையும் அரைமணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தால் வெண்ணெய் தடவும்போது பிய்யாது.

வெண்ணெய் கட்டாயம். சீஸ் இருக்கிறதே, வெண்ணெய் எதற்கு என்று நானும் கேட்டவன்தான். மொட்டைமாடிக்குப் பூசுகிற நீர்க்காப்பு மாதிரி அது. உள்பக்கம் முழுக்க, முக்கியமாக ஓரம் வரைக்கும், மெல்லிசாக வெண்ணெய் பூசினால் மிச்சமிருக்கிற ஈரம் பிரெட்டுக்குள் இறங்காது. வெண்ணெய் மேல் சீஸ், சீஸ் மேல் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறினாற்போல் வெள்ளரி இரண்டு வரிசை, மேலே மறு துண்டு. உள்ளங்கையால் ஒரு அழுத்து. ஓரத்தை வெட்டுவது எல்லாம் அடுக்கிய பிறகுதான். முன்பே வெட்டினால் ஒன்றும் சேராது. ரம்பப் பல் கத்தியால், அழுத்தாமல் அறுக்க வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு. ஒரு சாண்ட்விச்சுக்கு மூன்று விரல். வெட்டிய ஓரங்களெல்லாம் மறுநாள் கடுகு, பச்சைமிளகாய் தாளித்து பிரெட் உப்புமாவாயின. உண்மையைச் சொன்னால் எனக்குச் சாண்ட்விச்சைவிட அதுதான் பிடித்தது.

இந்த ஓரம் வெட்டுகிற ஊதாரித்தனம்தான் இந்தப் பண்டத்தின் சமூக அந்தஸ்து. 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஆன்னா என்பவர், மதியச் சாப்பாட்டுக்கும் ராத்திரி விருந்துக்கும் நடுவே பசிக்கிறது என்று சாயங்காலத்தில் டீயும் கொறிப்பும் கேட்டு வாங்க ஆரம்பித்தார், அதிலிருந்து பரவியது இந்த டீ வழக்கம் என்பார்கள். அந்தக் குளிர் தேசத்தில் வெள்ளரி சுலபத்தில் விளையாது. எருவின் சூட்டிலும் கண்ணாடிக் கூரைக்கு அடியிலும் வைத்து வளர்க்க வேண்டும். தோட்டக்காரனும் கண்ணாடி வீடும் வைத்திருக்கிறவன் வீட்டு டீயில்தான் வெள்ளரி. ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியஸுக்கு நாள் தவறாமல் வெள்ளரி வேண்டும் என்பதற்காகச் சக்கரம் வைத்த பாத்தியில் வளர்த்து, வெயில் அடிக்கிற பக்கமெல்லாம் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று பிளினி என்ற பழைய ரோமானிய எழுத்தாளர் எழுதிவைத்திருக்கிறார். வெள்ளரி கிளம்பியதோ நம் நாட்டிலிருந்து. இங்கே மெரினாவில் கூடையை மணலில் இறக்கிவைத்து, பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடியும் உப்பும் தடவிக் கையில் தருகிறார்கள். அத்தையின் ஆபீஸிலிருந்து அப்படியே நடந்தால் கடற்கரை. துரைக்கு டிரேயில் போன அதே காய் அங்கே சில்லறைக் காசுக்கு. ஆனால் கடற்கரைப் பிஞ்சைப் பற்றி அத்தை ஒரு நாளும் ஏக்கமாகப் பேசியதில்லை.

பிறந்தநாள் அன்று, இரண்டு மணிக்குக் காய், மூன்று மணிக்கு அடுக்கு, மூன்றேமுக்காலுக்கு வெட்டு என்று கல்யாண மண்டபச் சமையல்காரர் மாதிரி நேரம் பிரித்துக்கொண்டேன். சூடு 32 டிகிரியைத் தாண்டுகிற நாளில் பால் சாமானை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது, அதனால் கடைசி நிமிடம் வரை ஃபிரிட்ஜ். தட்டின் மேல் அத்தை சொன்ன ஈரத்துணி. மல்லிகைப்பூவை ஈரத்துணியில் சுற்றிவைக்கிற அதே உபாயம்தான், பிரெட் வறளாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மரத் தட்டு, பீங்கான் ஜாடிக்குப் பதில் எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் நீலகிரி டீ. எதற்கும் இருக்கட்டும் என்று பில்டர் காப்பியும். நல்ல வேளை, வந்தவர்களில் பத்துப் பேர் காப்பிக்குத்தான் கை நீட்டினார்கள்.

நாலு மணிக்கு டிரேயை அத்தை முன்னால் கொண்டுபோய் நிறுத்தித் துணியை விலக்கினேன். வெள்ளை வெளேரென்று நாற்பத்திரண்டு விரல். ஒவ்வொன்றிலும் பச்சைக் கோடு. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "முட்டை கிட்டை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுவிட்டு ஒன்றை எடுத்து, பாதி கடித்து, நிதானமாக மென்றார். வீடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நன்னா இருக்குடா" என்றார். அந்த "நன்னா"வில் ஏதோ குறை இருந்தது. அத்தையின் மரியாதையான "நன்னா" எனக்குத் தெரியும், சம்பந்தி வீட்டுப் பாயசத்துக்குச் சொல்வது.

"என்ன அத்தை, உப்பு போதலையா?"

"அதெல்லாம் இல்லை. இது மெத்துனு இருக்கு."

"இருக்கணுமே!"

"அது இப்படி இல்லைடா" என்றார். அப்போதுதான் அந்த ஒரே ஒரு தடவைக் கதை வெளியே வந்தது. ஒருநாள் துரை மீட்டிங் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டாராம். டிரே தொடாமல் மேஜையிலேயே இருந்திருக்கிறது. துணி விலகிக் கிடக்க, தலைக்கு மேலே பெரிய பங்கா ஓடியபடி. ஐந்தரை மணிக்கு அதை எடுத்துக்கொண்டு இறங்கிய பியூன், ஓவர்டைமில் உட்கார்ந்திருந்த அத்தையிடம், எடுத்துக்கோம்மா, கொட்டத்தான் போறேன் என்று தட்டை நீட்டியிருக்கிறார். அத்தை எடுத்த துண்டின் ஓரம் காய்ந்து, அப்பளம்போல் மேலே வளைந்திருந்தது. கடித்தால் முதலில் நறுக்கென்று, அப்புறம் உள்ளே ஜில்லென்று வெள்ளரி.

"அந்த நறுக்குதான் இதுல இல்லை" என்றார்.

நான்கு நாள் உப்பு, துணி, வெண்ணெய், ஃபிரீசர் எல்லாம் என் கண்முன் வந்துபோயின. மனைவி சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். தட்டு காலியானது. அத்தை மட்டும் இரண்டு விரல்களை ஒரு கிண்ணித் தட்டில் எடுத்து, ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே ஸ்டூல் மேல் வைத்தார். யாரும் தொடக் கூடாது என்று பேரன்களுக்கு உத்தரவு. நான் ஒரு மணி நேரக் கணக்கை எடுத்துச் சொன்னேன். "கடியாரத்தைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ரெகுலேட்டரை ஐந்தில் திருப்பினார்.

ஐந்தேகாலுக்குப் போய்த் தொட்டுப் பார்த்தார். ஓரம் லேசாக வளைய ஆரம்பித்திருந்தது. "இன்னும் பத்து நிமிஷம்" என்றார்.